மூன்றாவது காஜா

"மேடம், சட்டையைத் திரும்பக் கேட்டு ஒரு மனு போடணும். எந்தப் பிரிவுல போடட்டும்?" என்று கேட்டார் ஜூனியர்.

சீனியர் கோமதிக்கு வயது முப்பத்தெட்டு. ஜூனியர் அருளானந்தத்துக்கு அறுபத்து நாலு. தபால் நிலையத்தில் ஓய்வு பெற்ற பிறகு சட்டம் படித்துக் கறுப்புக் கோட்டு மாட்டியவர். யார் குரு, யார் சீடர் என்பதை எங்கள் நீதிமன்றத்தில் நரை முடிவு செய்வதில்லை.

"யாரோட சட்டை?"

"பேச்சித்தாய் மகன் இசக்கிராஜாவோட சட்டை மேடம். கொன்னு குளத்துல போட்டாங்களே, அந்தப் பையன். தீர்ப்பு வந்து ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் அந்த அம்மா மாசாமாசம் வந்து வெளிய நிக்குது. ஜெயிச்ச கேஸுக்கு எதுக்கு இப்படி நிக்கணும்?"

கோமதி பின்பக்கத்து ஜன்னலைப் பார்த்தார்.

"போன வெள்ளிக்கிழமை இந்த ஜன்னலை ஏன் சார் சாத்துனீங்க?"

அருளானந்தம் விழித்தார்.

"புகை மேடம். பின்னாடி என்னத்தையோ போட்டு எரிச்சாங்க. உங்களுக்குக்கூட இருமல் வந்துச்சே."

"ஆமா. வந்துச்சு."

எனக்கும்தான் வந்தது. நான் அடுத்த மேசைக்காரன். 'நல்ல காரியம் பண்ணினீங்க சார்' என்று அவருக்கு நன்றிகூடச் சொன்னேன்.

"அந்தத் தீர்ப்பைப் படிச்சீங்களா?" என்று கேட்டார் கோமதி.

"ரெண்டு தடவை படிச்சேன். கொலையாகாத மரணம்னு ஏழு வருஷம் கடுங்காவல்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு என்ன இருக்கு?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தண்டனை எத்தனை வருடம் என்று பார்ப்போம், வழக்குக் கட்டை மூடுவோம், டீ குடிக்கப் போவோம். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இதே பழக்கம்தான். வெட்கமாக இருக்கிறது, என்றாலும் உண்மை அதுதான்.

"கட்டை எடுங்க. இந்தத் தீர்ப்புல பேச்சித்தாய் எங்க இருக்காங்கன்னு தேடிக் காட்டுங்க."

அருளானந்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

முதல் பக்கத்தில் அரசு இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட எதிரி இருந்தான், அப்பா பெயரோடும் கதவு எண்ணோடும். பேச்சித்தாய் இல்லை.

ஏழாம் பக்கத்தில் நிமிர்ந்தார்.

"இந்தா இருக்காங்க. அ.சா. மூணு. அரசு தரப்பு மூணாவது சாட்சி."

"வாசிங்க."

வாசித்தார். எட்டு நாள் தண்ணீரில் கிடந்த உடல். ஆள் தெரியாத பிணம் என்று போலீஸாரே புதைத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து அம்மாவைக் கூப்பிட்டுச் சட்டையை மட்டும் காட்டினார்கள். 'உங்கள் மகன் சட்டைதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்' என்று எதிரியின் வக்கீல் கேட்டார். 'நான் தைத்தது. மூன்றாவது காஜா போடும்போது வெள்ளை நூல் தீர்ந்துபோனது. நீல நூலில் போட்டேன்' என்றார் சாட்சி. நீதிபதி சட்டையை வாங்கிப் பார்த்தார். நீல நூல்தான்.

அந்த ஒரு பொத்தான் ஓட்டையில்தான் வழக்கே நின்றது.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம், ஜெயிச்சிருவோம்னு."

"சரி, மேல வாசிங்க. கடைசிப் பக்கம். கையெழுத்துக்கு மேல உள்ள வரி."

அருளானந்தம் விரலை வைத்துக்கொண்டு வாசித்தார்.

"சான்றுப்பொருள் இரண்டு, பழைய சட்டை, மதிப்பற்றது என்பதால், மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின் அழித்துவிட..."

நிறுத்தினார். எதிரி மேல்முறையீடு போடவில்லை. ஏழு வருடத்தோடு போயிற்றே என்று கும்பிட்டுவிட்டு உள்ளே போனவன் அவன்.

"காலையில, சான்றுப்பொருள் வைக்கிற சொத்து அறையில போய்க் கேட்டேன்," என்றார் கோமதி. "பதிவேட்டுல இருக்கு. போன வெள்ளிக்கிழமை."

அருளானந்தம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தனை தடவை கேட்டாங்க உங்ககிட்ட?"

"மூணு தடவை. சாட்சி சொன்ன அன்னைக்கே கேட்டாங்க. கேஸ் முடியட்டும்மா, தானா வரும்னு சொன்னேன்." கண்ணாடியைக் கழற்றினார். "தபால் மாதிரி நினைச்சுட்டேன் மேடம். விலாசம் எழுதியிருந்தா வந்து சேந்துரும்னு."

"தீர்ப்புக்கு முன்னாடி ஒரே ஒரு தாள் கொடுத்திருந்தாப் போதும் சார். கேக்குற உரிமை அவங்களுக்கு இருந்துச்சு. நம்மகிட்ட பத்திரமா இருந்துச்சு."

அருளானந்தம் நிமிரவில்லை.

"அந்த அம்மாவுக்காகப் போட்ட வக்காலத்துல முதல் கையெழுத்து என்னோடது," என்றார் கோமதி. "நானும் கேக்கல."

அருளானந்தம் கட்டை மூடினார்.

"அந்த அம்மாகிட்ட எப்படி மேடம் சொல்றது?"

கோமதி எழுந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். வெளியே நடந்தார். அருளானந்தமும் தன் கோட்டைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசல்வரை போய் நின்றேன்.

பேச்சித்தாய் படிக்கட்டு ஓரத்தில் நின்றிருந்தார். கையில் அவரே தைத்த துணிப்பை. மடித்தபடியே இருந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தப் பையோடுதான் வருவார். வெறும் பையை எதற்குக் கொண்டு வருகிறார் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

"என்ன சார், இன்னைக்குக் கிடைச்சிருமா? முகத்தைத்தான் காட்டல. அதையாச்சும் தொட்டுப் பாப்பேன்."

அருளானந்தம் சொன்னார். மழுப்பவில்லை. தீர்ப்பின் கடைசி வரியையும் சொன்னார். நெருப்பையும் சொன்னார்.

பேச்சித்தாய் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மதிப்பு இல்லைன்னு யாரு பாத்துச் சொன்னா?"

கோமதி அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"நீல நூலு போட்ட அன்னைக்கு என்னைக் கேலி பண்ணுனான். ஒரு ஓட்டைதானம்மா, யாரு பாக்கப்போறான்னான்." கையிலிருந்த பையை இன்னும் சின்னதாக மடித்தார். "புதைக்கும்போதும் நான் இல்ல."

பிறகு அருளானந்தத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எரிக்கும்போது பக்கத்துல யாராச்சும் இருந்தாவளா சார்?"

விதிப்படி இரண்டு ஊழியர்கள் கூட நிற்க வேண்டும். பதிவேட்டில் இரண்டு கையெழுத்து இருக்கும். அதைச் சொல்லத்தான் அருளானந்தம் வாயெடுத்தார். ஆனால் சொன்னது வேறு.

"நான் இருந்தேம்மா," என்றார். "ஜன்னலைச் சாத்துனேன்."