தலைக்கு ஆயிரம்

ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் இரும்பு அலமாரியில் ஒரு பணிப்பதிவேடு இருந்தது. அதற்குள் முப்பது வருடங்கள் குடியிருந்தன. முப்பதும் சண்முகவடிவு என்ற கிராம சுகாதார செவிலியரின் வருடங்கள்.

ஒரே அட்டைக்குள் இருந்தாலும் அவற்றுக்குள் அவ்வளவாக ஒட்டுறவு கிடையாது. சம்பளம் கூடக்கூட வருடங்களுக்குச் சதையும் கூடியிருந்தது. முதல் வருடம் எலும்பும் தோலுமாக இருக்கும். பத்தாவது, பதினைந்தாவதெல்லாம் பார்க்கும்படி இருக்கும். கடைசி வருடத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாதம் அறுபதாயிரம் அடிப்படைச் சம்பளம் வாங்கிய வருடம் அது. தொப்பையைத் தடவிக்கொண்டு கடைசிப் பக்கத்தில் சாய்ந்திருக்கும். "வடிவுக்குப் பென்ஷன் வாங்கிக் கொடுக்கப்போறது நான். நீங்கல்லாம் சும்மா கூட வாறிய" என்று மற்ற வருடங்களைப் பார்த்து அடிக்கடி சொல்லும். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

இரண்டாம் வருடத்தை மட்டும் எல்லா வருடங்களும் ஒதுக்கி வைத்திருந்தன. அது பக்கத்தில் வந்தால் நகர்ந்து உட்காரும். ஏன் என்று எதற்கும் தெரியாது. வடிவே அதைப் பற்றி வாய் திறப்பதில்லை, அதனால் நாமும் தள்ளியே இருப்போம் என்பதுதான் அவற்றின் நியாயம். ஒதுக்குவதற்குக் காரணம் வேண்டும் என்று இந்த உலகத்தில் யார்தான் கேட்டார்கள்?

இரண்டாம் வருடத்தின் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. 'மாற்றுப்பணியில் அனுப்பப்பட்டார்.' எந்த இடத்துக்கு என்று எழுதியிருந்த மூலையைச் செல் அரித்துவிட்டது. ஒவ்வொரு வருடத்தின் கீழும் 'பணி சரிபார்க்கப்பட்டது' என்று அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார். இதன் கீழே அது இல்லை.

வடிவு ஓய்வுபெற மூன்று மாதம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை முற்பகலில் அவளும் அவள் கணவர் நெல்லையப்பனும் அலுவலகத்துக்கு வந்தார்கள். பென்ஷன் விண்ணப்பத்தில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து எடுத்த போட்டோ ஒட்ட வேண்டும். அதற்காக நெல்லையப்பன் அன்று, மோட்டாருக்குக் காயில் கட்டும் தன் கடையைப் பூட்டிவிட்டு, சலவை வேட்டி கட்டி, வழியிலேயே ஸ்டூடியோவில் போட்டோவும் எடுத்துவிட்டு வந்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ அதுதான். இரண்டு பேரும் அதில் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

எழுத்தர் இருதயராஜ் பதிவேட்டைத் திறந்தார். வருடங்கள் எழுந்து மேசைமேல் வரிசையாக நின்றன. அந்த அலுவலகத்தில் இது யாருக்கும் புதிதில்லை. முப்பது வருடம் ஒரே அலமாரியில் கிடந்தால் எதற்கும் வாய் வந்துவிடும்.

"சிஸ்டர், இருபத்தொன்பதுக்குக் கையெழுத்து இருக்கு. இந்த ரெண்டாவதுக்குத்தான் இல்ல" என்றார் இருதயராஜ். "என் இஷ்டத்துக்கு நான் எழுத முடியாது. எங்க வேலை பாத்தீங்கன்னு சொல்லுங்க. அந்த ஆபீஸ் பட்டுவாடாப் பதிவேட்டுல நீங்க சம்பளம் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருப்பீங்கல்லா, அதைப் பாத்து எழுதி வாங்கிரலாம்."

"ஞாபகம் இல்ல சார்" என்றாள் வடிவு.

"தடுப்பூசிப் பிரிவுன்னுதானட்டி அப்பம் சொன்னே?" என்றார் நெல்லையப்பன்.

"அங்க கேட்டுட்டேன் அண்ணாச்சி. அப்படி யாரும் அந்த வருஷம் வரலைங்காங்க."

வடிவு மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருடம் வரிசையில் நிற்காமல் கதவோரமாக நின்றது. அதன் மேல் மருந்து வாடை அடித்தது.

"ஒண்ணு பண்ணலாம்" என்றார் இருதயராஜ். "அந்த ஒரு வருஷத்தைச் சேர்க்க வேண்டாம், எனக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா ஃபைல் இன்னைக்கே போயிரும். ஆனா அப்படி எழுதிக் கொடுங்கன்னு நான் சொல்லமாட்டேன். உங்க இஷ்டம்."

வடிவுக்கு உயிர் திரும்பியது. "எழுதிக் கொடுத்திருதேன் சார். அந்த வருஷத்துச் சம்பளமே மாசம் ஆயிரத்துச் சொச்சம். போனாப் பன்னெண்டு, பதிமூவாயிரம் போகும். அதுக்குப் போயி ஆபீஸ் ஆபீஸா அலையணுமா?"

"அப்படிச் சொல்லு!" என்றது கடைசி வருடம். "நான் இருக்கையில நீ ஏன் அந்த நோஞ்சானுக்குக் கவலைப்படுதே? என் ஒரு மாசச் சம்பளத்துல அது மாதிரி நாலு வருஷத்தை வாங்கலாம்."

வடிவு பேனாவைக் கையில் எடுத்தாள்.

அப்போது மேசை இழுப்பறையிலிருந்து கணக்கு இறங்கி வந்தது. பென்ஷன் கணக்கு அது. ஒல்லியாக இருக்கும், அதிகம் பேசாது. பேசினால் திருப்பிச் சொல்லாது. அதனாலேயே அதைப் பார்த்து எல்லோருக்கும் பயம்.

"பேனாவைக் கீழ வைம்மா" என்றது கணக்கு. "முதல்ல நான் என் வேலையை முடிச்சுக்கிடுதேன்."

கடைசி வருடம் தொப்பையோடு முன்னால் வந்து நின்றது. "என்னைப் பாத்தாப் போதும்லா?"

"பாத்தாச்சு. அறுபதாயிரம். முப்பது வருஷம் முழுசா இருந்தா அதுல பாதி, முப்பதாயிரம்." கணக்கு மேசைமேல் முப்பது சின்ன முடிச்சுகளை வைத்தது. "ஒரு முடிச்சுக்கு ஆயிரம் ரூபா. முப்பது வருஷத்துக்கும் தலைக்கு ஒண்ணு. வந்து நிக்கிற வருஷம் எடுத்துக்கிடலாம். வராத வருஷத்தோட முடிச்சு என்கிட்டயே இருக்கும்."

முதல் வருடத்துக்குக் காது கேட்டதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. "எனக்குமா ஆயிரம்?"

"உனக்கும்."

"நான் மாசம் வாங்குனதே அவ்வளவுதானே ஐயா!"

"நீ என்ன வாங்குனேன்னு நான் கேக்கல. நீ இருந்தியா இல்லையா, அதான் எனக்கு வேணும்."

கடைசி வருடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "இது என்ன அநியாயம்? அறுபதாயிரம் கொண்டுவந்தவன் நான். எனக்கும் ஒரு முடிச்சு, இந்த எலும்புக்கூட்டுக்கும் ஒரு முடிச்சா?"

"முடிச்சுல ஆயிரம் இருக்குல்லா, அது உன்னால வந்தது. உன் சம்பளம் முப்பதாயிரமா இருந்திருந்தா முடிச்சுக்கு ஐந்நூறுதான் இருக்கும். ஆனா எத்தனை முடிச்சுங்கிறது உன் கையில இல்ல. அது இவங்க எத்தனை பேர் நிக்காங்களோ அதைப் பொறுத்தது." இவ்வளவு பேசியதே தன் வழக்கத்துக்கு அதிகம் என்பதுபோல் கணக்கு வாயைத் துடைத்துக்கொண்டது.

வடிவுக்குக் குழப்பமாக இருந்தது. இத்தனை வருடமாக அவள் பென்ஷனை ஒரு உண்டியலாகத்தான் நினைத்திருந்தாள். மாதாமாதம் பிடிக்கிறார்கள், கடைசியில் உடைத்துத் தருவார்கள், குறைவாகப் பிடித்த வருடம் போனால் குறைவாகத்தான் போகும். அதையே கேட்டாள்.

"பிடிச்சது உன் வைப்புநிதி. அது உண்டியல்தான். மொத்தமா உன் கைக்கு வந்துரும், அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல" என்றது கணக்கு. "இது வேற. இந்த முடிச்செல்லாம் மாசா மாசம் வரும். நீ இருக்கிற வரைக்கும் வரும். அகவிலைப்படி இதுக்கு மேல. உனக்குப் பிறகு இவரு இருந்தாருன்னா இவருக்கும் ஒரு பங்கு வரும். அதுக்குத்தானே போட்டோ கேட்டது."

நெல்லையப்பன் போட்டோவை எடுத்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

வடிவு மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். மாதம் ஆயிரம். அவருடைய சர்க்கரை மாத்திரைக்கும் ஊசிக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகிறது. அவள் அம்மா எண்பத்தாறு வயதுவரை இருந்தாள். தானும் அப்படி இருந்தால் இருபத்தாறு வருடம். பன்னிரண்டாயிரம் என்று நினைத்தது மூன்று லட்சத்தைத் தாண்டிக்கொண்டு போயிற்று. கையிலிருந்த பேனாவை அவள் கீழே வைத்துவிட்டாள்.

வருடங்கள் ஒவ்வொன்றாக வந்து முடிச்சை எடுத்துக்கொண்டன. கடைசி வருடமும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தது. மேசைமேல் ஒரே ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது.

கணக்கு கதவுப் பக்கம் திரும்பியது. "நீ எங்க இருந்தே?"

"நான் சொல்லமாட்டேன்" என்றது இரண்டாம் வருடம். "முப்பது வருஷமா அவ என்னைச் சொல்லிக்கிடல. இப்பமும் அவ சொல்லட்டும்."

எல்லோரும் வடிவைப் பார்த்தார்கள். வடிவு நெல்லையப்பனைப் பார்த்தாள்.

அவளுக்கு எதுவும் மறந்து போகவில்லை. அந்த வருடம் முழுக்க அவள் தொழுநோய்த் தடுப்புப் பிரிவில் இருந்தாள். காலை எட்டு மணிக்கு வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் கால்களை வெந்நீரில் கழுவிப் புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டும். முதல் வாரம் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் மாதம் ஒவ்வொரு காலும் யாருடையது என்று பார்த்தவுடன் தெரிந்தது. சுடலி என்ற கிழவி மட்டும் கட்டுப் போட்டு முடித்ததும் வடிவின் தலையில் ஆசியாகக் கைவைக்க வந்து, பாதியில் கையை இழுத்துக்கொள்வாள். ஒரு நாள் வடிவே அந்தக் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அடுத்த வருடம் கல்யாணப் பேச்சு வந்தபோது அப்பா தரகரிடம் தடுப்பூசிப் பிரிவு என்று சொல்லிவிட்டார். உண்மை தெரிந்தால் மாமியார் அடுப்படியில் விடமாட்டாள் என்று பயந்தார். அப்பா சொன்ன பொய்யை வடிவு இத்தனை வருடமாகக் காப்பாற்றி வந்தாள். அந்தப் பிரிவையும் பிறகு மூடிவிட்டார்கள், கேட்பதற்கு ஆளில்லை. சுடலியையும் சேர்த்தல்லவா மறைத்துவிட்டோம் என்று இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"தொழுநோய்ப் பிரிவு சார்" என்றாள். பிறகு முழுப் பெயரையும் சேர்த்து மறுபடியும் சொன்னாள். "தொழுநோய்த் தடுப்புப் பிரிவுல ஒரு வருஷம் வேலை பாத்தேன். தினமும் புண்ணு கழுவிக் கட்டுப் போட்டேன். வருஷம் பூரா ஒரு நாள்கூட லீவு போடல."

இருதயராஜ் எழுதிக்கொள்ளவில்லை. அவரும் நெல்லையப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெல்லையப்பன் கையிலிருந்த போட்டோவை மேசைமேல் வைத்தார். பிறகு, "எங்கம்மாகிட்டச் சொல்லாம விட்டியே, அது நல்ல காரியம்" என்றார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லாட்டி?"

"சொல்லியிருந்தா என்னையக் கட்டியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். சட்டென்று ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லாதது வடிவுக்கு வலித்தது, கூடவே மரியாதையும் வந்தது.

"அன்னைக்குக் கட்டியிருப்பேனான்னு தெரியல" என்றார் கடைசியில். "எங்கப்பாவுக்குப் படுக்கைப்புண்ணு வந்து மூணு மாசம் கெடந்தாரே, பெத்த பிள்ளை நானே மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னேன். நீ ஒரு முகம் சுளிக்காமக் கட்டுப் போட்டே. இவ இதை எங்கதான் படிச்சாளோன்னு நான் அன்னைக்கே நினைச்சேன்." எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "சார், எந்த ஆபீஸுக்கு எழுதணுமோ எழுதுங்க. தபால்ல போடாண்டாம். நானே கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கிட்டு வாரேன்."

அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. மூடிய பிரிவின் காகிதங்கள் மாவட்ட அலுவலகத்தின் பின்பக்க அறையில், உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் கிடந்தன. நெல்லையப்பன் நான்கு தடவை போனார். நான்காவது தடவை பட்டுவாடாப் பதிவேடு கிடைத்தது. பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு ரெவின்யூ ஸ்டாம்பு. ஒவ்வொன்றின் மேலும் 'ஆ.சண்முகவடிவு' என்று கோணல்மாணலான இளவயதுக் கையெழுத்து. அவள் அப்பாவின் பெயர் முதலெழுத்து அதில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அதை வைத்து இங்கே அதிகாரி இரண்டாம் வருடத்தின் கீழ் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் வருடம் கதவோரத்திலிருந்து வந்து தன் முடிச்சை எடுத்துக்கொண்டது. முதல் வருடமும் மூன்றாம் வருடமும் நடுவில் இடம் விட்டன. கடைசி வருடம் மட்டும் எட்டிப் பார்த்து, "மருந்து வாடை அடிக்குது" என்றது.

"அடிக்கட்டும்" என்றது முதல் வருடம்.

வடிவு ஓய்வுபெற்றாள். அடுத்த மாதக் கடைசியில் முப்பது வருடங்களும் முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போய் அவள் கணக்கில் அவிழ்த்துக் கொட்டின. நெல்லையப்பன் பாஸ்புக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அடிப்படை ஓய்வூதியம் முப்பதாயிரம் என்று ஒரே வரியாக விழுந்திருந்தது. கடைசி வருடமும் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து அந்த வரியை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. இரண்டாம் வருடத்தின் ஆயிரம் அதில் எது என்று அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை.