கணக்கில் வராத நானூறு கிராம்

வேதிப் பொறியியல் துறைக்கு மறுநாள் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. இந்தப் படிப்பின் நோக்கம் என்ன என்று ஒரே வரியில் எழுதி வாசலில் மாட்ட வேண்டுமாம். பரிதி காலையிலிருந்து எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் வேதவல்லியிடம் போனான். அவன் படித்ததும் அவரிடம்தான், இப்போது வேலை பார்ப்பதும் அவருக்குக் கீழேதான்.

"மேடம், நாலு வருஷம் முடிச்சு நம்ம பிள்ளைங்க என்னவா வெளிய போகணும்?"

அன்வரை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்தே அவர் அதிகம் பேசுவதில்லை. அன்வர் பரிதியோடு படித்தவன். வேலை பார்த்த ஆலையில் கரைப்பான் ஆவி தேங்கித் தீப்பிடித்ததில் போய்விட்டான். வேதவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் அம்மா ஒன்றுதான் கேட்டார்: "எம்புள்ள நல்லாத்தானே படிச்சான்?"

"கையில என்ன?" என்றார் வேதவல்லி.

"லேப் தாள் மேடம். வாலை வடித்தல். திருத்திட்டேன்."

ஆல்கஹாலைக் காய்ச்சி வடிக்கும்போது உள்ளே ஊற்றிய எடையும் வெளியே வந்த எடையும் பொருந்த வேண்டும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது. எல்லாத் தாள்களிலும் பொருந்தியிருந்தது, செல்வமதி என்ற பெண்ணின் தாளைத் தவிர. அதில் நானூறு கிராம் குறைந்தது. 'எங்கே போனது என்று தெரியவில்லை' என்று அடியில் எழுதியிருந்தாள். பரிதி பத்துக்கு மூன்று மார்க் போட்டிருந்தான்.

"மத்தவங்களுக்கு எப்படிப் பொருந்துச்சு?"

பரிதி சிரித்தான். "தெரியாதா மேடம்? குறையுறதை எல்லாம் 'ஆவியாதல் இழப்பு'ன்னு ஒரு வரியில போட்டுருவாங்க. நாங்களும் அதைத்தானே செஞ்சோம்."

வேதவல்லி எழுந்தார். மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு நடந்தார். வடிகலனை ஓட்டச் சொன்னார். சூடேறியதும் எவர்சில்வர் டம்ளரை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் பிடித்துப் பார்த்தார். எங்கும் நனையவில்லை. பின்பக்கத்து இணைப்பில் பிடித்தார். கசிந்த ஆவி பட்டு டம்ளர் வேர்த்தது. முகர்ந்து பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினார்.

ஆல்கஹால்.

அந்த இணைப்புக்கு நேர் கீழே சுவிட்ச் பலகை இருந்தது; ஒரு பொறி பட்டால் போதும். பரிதி பாய்ந்துபோய் வாசல் பக்கத்து மெயினை அணைத்தான்.

"தினம் இங்கதான் மேடம் நிக்குறாங்க, பிள்ளைங்க."

"ம்."

"அந்தப் பொண்ணு சரியாத்தான் அளந்திருக்கா."

"ஆமா."

கலன் ஆறும் வரை இருவரும் ஜன்னலோரம் நின்றார்கள். பிறகு வேதவல்லி சொன்னார்:

"அன்வரும் ரெண்டாம் வருஷம் இப்படி ஒரு தாள் கொண்டாந்தான். குறையுது மேடம், எங்கன்னு தெரியலன்னான். கணக்கே பொருந்தலையேன்னு ரெண்டு மார்க் போட்டேன்."

பரிதி அவர் பக்கம் திரும்பினான்.

"அடுத்த வாரம் பொருந்தக் கொண்டாந்தான். பத்துக்குப் பத்து போட்டேன். ஆலையிலயும் பொருந்தத்தான் எழுதிட்டு இருந்திருக்கான். தினமும் கரைப்பான் குறைஞ்சிருக்கு. தினமும் ஆவியாதல் இழப்பு." அவர் குரல் உடைந்தது. "நல்லாத்தான் படிச்சான், பரிதி. நான் சொல்லிக்குடுத்ததை அப்படியே படிச்சான்."

அவர் அழுவதை அவன் அதுவரை பார்த்ததில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கையிலிருந்த தாள்களைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"வாசல்ல என்ன எழுதட்டும் மேடம்?"

வேதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்வமதியின் தாளை உருவினார். 'எங்கே போனது என்று தெரியவில்லை' என்ற கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது அவ வரும்போதே கொண்டு வந்தது. நாலு வருஷத்துல நாம இதைப் பிடுங்காம அனுப்பினா போதும்."