பட்டு வேட்டியில் வந்த களை

முன்னொரு காலத்தில், ஓர் ஆவணி மாதம் பதினெட்டாம் நாள், வேங்கைநகர்க் கோட்டைக்குள் நாற்பத்தொரு வகைக் களைகள் முளைத்திருந்தன. நாட்டை ஆண்டவர் இளஞ்சேந்தர். புதுக் கோபுரத்தின் உச்சியில் ஓர் அரசங்கன்று தலைகாட்டியதும் அவருக்கு ஆத்திரம் வந்தது.

"களையைக் கொண்டுவந்தது யாரானாலும் நகரைவிட்டு வெளியேற வேண்டும்!"

களைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தெருக்களின் துப்புரவு அதிகாரி பரிமேலன். பழிபோட அவருக்கு ஓர் ஆள் வேண்டும். மறுநாளே கீரைக்காரி சடையாயியை அவைக்கு இழுத்துவந்தார்.

"அரசே, இவள் தினமும் வெளியே கீரை பறித்துவருகிறாள். கூடையிலிருந்து சிந்தியவைதான் அத்தனையும்."

சடையாயிக்கு வீடும் பிழைப்பும் கோட்டைக்குள்தான். "களை எத்தனை வகை என்று ஐயாவே எண்ணிப் பார்த்தாரா?" என்று கேட்டாள்.

"ஆட்கள் எண்ணினார்கள். களையில் என்ன வகை வேண்டிக்கிடக்கிறது?"

"வகை தெரியாமல் வந்த வழி எப்படித் தெரியும்? நான் கீரை பறிப்பது அகழிக்கு வெளிக்கரையில். அங்கே எத்தனை வகை என்று ஐயாவே பார்த்துவரட்டும், சாமி."

"போய்வாரும்" என்றார் அரசர்.

உச்சிவேளையில் பரிமேலன் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பினார். "முப்பத்தெட்டு வகை இங்கேயும் இருப்பவை! அகப்பட்டாள்!"

சடையாயி அசரவில்லை. "எருக்கு காற்றில் வரும். பொன்னாங்கண்ணி வெள்ளத்தில் வரும். கோபுரத்து அரசங்கன்று காக்கை எச்சத்தில் வந்தது. நாயுருவியும் நெருஞ்சியும் ஆளைப் பிடித்துக்கொண்டு வரும். நான் கொண்டுவருவது இளங்கீரை. விதை பிடித்ததை எந்த வீட்டில் வாங்குவார்கள்?"

"பிறகு கொண்டுவந்தது யார்?" என்றார் அரசர்.

"ஐயாவின் வேட்டியைப் பாருங்கள், சாமி."

அவையே குனிந்து பார்த்தது. பட்டுக்கரை முழுக்க நாயுருவி விதை. செருப்பின் அடியில் மூன்று நெருஞ்சி முள்.

அரசர் சிரித்துவிட்டார். "இவரைத் துரத்திவிடலாமா?"

"வேண்டாம் சாமி. அப்புறம் நேற்று வேட்டைக்குப் போய்வந்த குதிரையின் வாலையும் பார்க்க வேண்டிவரும்."

வேட்டைக்குப் போனவர் அரசர் ஒருவரே. அரசர் வெளியேற்ற ஆணை எழுதிய ஓலையை வாங்கித் தம் கையாலேயே கிழித்தார். "பரிமேலரே, உட்காரும். விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து இவளிடம் பெயர் சொல்லும்."

"இது... நெருஞ்சி?"

"நெருஞ்சி என்றால் இந்நேரம் அலறியிருப்பீர்கள், ஐயா. இது நாயுருவி."

அடுத்த ஆண்டு மாசி பத்தாம் நாள், அரண்மனை மடைப்பள்ளியில் முதன்முறையாக, அதுவரை களை என்று பிடுங்கி எறிந்த மூக்கிரட்டையைச் சடையாயியிடம் வாங்கிக் கீரையாகக் கடைந்தார்கள். அரசர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.