கறுப்பா சிவப்பா

மொட்டைப்பாறைக்காரர்கள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்கள். கெடுத்தால் முழுசாகக் கெடுப்பார்கள். அவர்களில் கோதண்டம் விவரமானவர் என்று பேர். அந்தப் பேரைக் கொடுத்தவர்களும் மொட்டைப்பாறைக்காரர்கள்தான்.

அவர் மகளுக்குக் கல்யாணம். வடக்கே வேலையிலிருக்கும் மாப்பிள்ளை முகூர்த்தத்தன்று காலைதான் ரயிலில் வருகிறார். அழைத்துவர வீட்டில் இரண்டு கார்கள். மாமனார் காலத்துக் கறுப்பு, கதவைச் சாத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதற்கு முப்பது வருஷம் இளைய சிவப்பு, ஆள் ஏறினால் ஒரு பக்கம் சாயும்.

"ரெண்டையும் ஒண்ணா ஓட்டிப் பாருங்க. எது முன்னாடி வருதோ அதை அனுப்புங்க. பையன் நேரத்துக்கு வரலேன்னா கல்யாணமே இல்லை" என்று சம்பந்தி போனில் சொல்லிவிட்டார்.

"ஒண்ணா எப்படி மாமா? ஓட்டத் தெரிஞ்சவன் எத்திராஜ் ஒருத்தன்தானே?" என்றான் மச்சினன் தசரதன்.

"கயிறு கட்டினா ஒருத்தனே ரெண்டையும் ஓட்டலாமே!" என்றார் கோதண்டம்.

கறுப்பில் எத்திராஜ். பின்னால் கட்டிய சிவப்பில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தசரதன். ஏரிக்கரை வரை போனார்கள். கறுப்பு ஒரு கயிறு நீளத்தில் ஜெயித்தது. ஆனால் சிவப்பு சொட்டு பெட்ரோல்கூடக் குடிக்கவில்லை.

மாற்றிக் கட்டினார்கள். சிவப்பு ஜெயித்தது, கறுப்பு பட்டினி கிடந்தது.

"பெரியவரைச் சின்னப் பையனோட ஓடவிடறது நியாயமா?" என்றான் எத்திராஜ். "சிவப்புக்கும் அந்த வயசு வரட்டும். முப்பது வருஷம் கழிச்சுப் பார்க்கலாம்."

கோதண்டம் வெகுநேரம் யோசித்தார். "நியாயம்தான். ஆனா முகூர்த்தம் நாளைக்காச்சே!"

முடிவு தெரியாமல் ஒன்றை மட்டும் அனுப்ப அவருக்குப் பயம். காலையில் கறுப்பில் எத்திராஜை முன்னால் விட்டு, சிவப்பில் தசரதனை உட்காரவைத்து, இரண்டையும் கட்டியே அனுப்பினார். பெட்ரோல் குடிக்காத வண்டி களைக்காது என்று மாப்பிள்ளையைச் சிவப்பில் ஏற்றச் சொன்னார்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புழுதி கிளப்பிக்கொண்டு கறுப்பு மட்டும் வந்து நின்றது. பின்னால் அறுந்த கயிறு தொங்கியது.

கோதண்டத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. எத்திராஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கறுப்புதான் சம்பந்தி! சந்தேகமே இல்லை! சிவப்பு கண்ணுக்கே தெரியலை பாருங்க!"

"யோவ், என் பையன் எங்கேய்யா?"

"அவரு தோத்த வண்டியில இருக்காரு" என்றார் கோதண்டம். "கொஞ்சம் மெதுவாத்தான் வருவாரு."