கொட்டகை வாசலில் ஒரு கப்பல்

மதுரையில் ஓர் ஊமைப்படக் கொட்டகை. அதன் வாசலை ஜோடிப்பவர் மீரான் ராவுத்தர். படத்துக்குப் படம் வாசல் மாறும். காட்டுப் படம் என்றால் மூங்கில் புதர், பாலைவனப் படம் என்றால் மணல்மேடு. அவரிடம் தொழில் கற்க வந்த நாகலிங்க ஆசாரி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த மாதம் ஒரு கப்பல் படம் வந்தது. ஆசாரி தனியாகச் செய்யும் முதல் வேலை. ஒன்பது நாள் உழைத்து, பலகையும் தகரமும் காகிதக்கூழும் கொண்டு வாசலில் ஒரு கப்பலையே நிறுத்திவிட்டார். பாய்மரத்தில் கயிற்றேணிகூட இருந்தது.

தெருவே கூடியது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பாராட்டினார்கள். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்கள். உள்ளே பாதி பெஞ்சு காலி.

"நாளைக்கும் இப்படித்தான்னா படத்தைத் தூக்கிர வேண்டியதுதான்" என்றார் கொட்டகை முதலாளி.

ஆசாரி மீரானிடம் போனார்.

"என் கப்பல்ல என்ன குறை, வாத்தியாரே?"

"குறை ஒண்ணுமில்ல. உள்ள வாங்க."

திரைக்குக் கீழே, ஜனங்களைப் பார்த்தபடி அவரை உட்காரவைத்தார் மீரான்.

"படம் முடியிறவரைக்கும் திரும்பாதீங்க."

ஆசாரிக்கு முகங்கள் மட்டும் தெரிந்தன. ஆர்மோனியம் வேகமெடுத்தது. திரையில் புயல் போலும். எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள். பிறகு வலப்பக்கம். ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் முன்பின் அறியாதவர் என்று தெரிந்த பிறகும் விடவில்லை.

மறுநாள் காலையில் ஆசாரி தன் கப்பலைப் பிரித்தார். பலகைகளை வாசலில் நடைபாதையாகப் பரப்பினார். அடியில், ஆடுகுதிரைக்கு வைப்பதுபோல வளைந்த கட்டைகள். இரு பக்கமும் பிடித்துக்கொள்ள வடம். மீரான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வந்தவர்கள் தயங்கித் தயங்கிக் கால் வைத்தார்கள். பலகை சாய்ந்தது. வடத்தைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கொட்டகை நிறைந்தது. இன்னும் ஒரு வாரம் படம் ஓடட்டும் என்றார் முதலாளி.

ஆசாரிக்கு மனசு குளிர்ந்தது. ஆனாலும் ஒரு சின்னக் குறை.

"இன்னைக்கு ஒருத்தர்கூடக் கப்பலைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே, வாத்தியாரே."

"கரையில நிக்கிறவங்கதான் அதைப் பத்திப் பேசுவாங்க, ஆசாரியாரே. இவங்க ஏறிட்டாங்க."