கரடிகள் வழவழப்பாக்கிய சுவர்

தில்லையம்பலத்துக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. நேரே இருப்பது மட்டும் தெரியும், ஓரங்கள் கறுத்துவிட்டன. மிச்சமும் போய்விடும் என்று சூரிச்சில் வைத்தியர் சொல்லிவிட்டார்.

அவர் தம் குரு யோகாம்பிகையிடம் போனார். குரு அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் "அம்மா" என்றுதான் அழைப்பார்.

"அம்மா, வெளிச்சம் போனபிறகு நான் எப்படி வாழ்வது?"

"நாளைக்கு மலைக்குப் போவோம். கரடி பார்க்க."

மலையடிவாரத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம். அதன் நடுவில் குகைக்கரடியின் எலும்புக்கூடு பின்னங்காலில் நிமிர்ந்து நின்றது. தில்லையம்பலம் தலையை மெல்ல மெல்லத் திருப்பி, அதைத் துண்டு துண்டாகப் பார்த்து முடித்தார்.

"இந்த இனத்தில் ஒன்றுகூட இப்போது இல்லையா?"

"இல்லை. எல்லாம் அழிந்து எத்தனையோ ஆயிரம் வருடம்."

"இவ்வளவு பெரிய உடம்பு இருந்துமா!"

வாசலில் ஆளுக்கொரு கைவிளக்கு கொடுத்தார்கள். இருவரும் மேலே கரடிகள் வாழ்ந்த குகைக்கு ஏறினார்கள். படிகளில் ஈரம். குரு கை நீட்டினார்.

"வேண்டாம் அம்மா. மகள் பிடிக்க வந்தாலும் உதறிவிடுவேன். கையைக் கொடுத்துப் பழகினால் பிறகு தனியே நடக்க வராது."

குகை வளைந்து வளைந்து உள்ளே போனது. பகல் வெளிச்சம் அடியோடு மறைந்ததும், குரு அவர் விளக்கை வாங்கினார். இரண்டையும் அணைத்தார்.

"அம்மா!"

"வெளியே போவோம். நீங்கள் முன்னால் நடங்கள்."

"எனக்கு ஒன்றும் தெரியவில்லையே!"

குரு அவர் தோளில் கை வைத்தார்.

எங்கோ நீர் சொட்டியது. தில்லையம்பலத்துக்கு முதலில் பயம் வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபத்தில்தான் கால் நகர்ந்தது. முழங்கால் பாறையில் இடித்தது. சுவரைத் தடவினார். கரடுமுரடான கல் உள்ளங்கையைக் கிழித்தது. அவர் கையை எடுக்கவில்லை.

திடீரென்று, இடுப்பு உயரத்தில், சுவர் வழுக்கியது.

"இது என்ன அம்மா? கண்ணாடி மாதிரி இருக்கிறது. யாரோ தேய்த்துவிட்டது போல."

"கரடிகள்தான். கீழே அருங்காட்சியகத்தில் படம் போட்டு வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் உறங்க வரும். பனி உருகினால் வெளியே போகும். இந்த இருட்டில் அவற்றுக்கும் கண் தெரியாது. சுவரில் உடம்பை உரசிக்கொண்டே நடந்திருக்கின்றன. தாய், குட்டி, அந்தக் குட்டியின் குட்டி."

தில்லையம்பலம் அந்த வழவழப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் அது கைக்குத் தட்டுப்படவில்லை. நின்றார். இந்தப் பக்கம் தடவினார், சொரசொரப்பு. அந்தப் பக்கமும் சொரசொரப்பு. குனிந்து தடவினார். அங்கே இருந்தது.

"குனிந்து வாருங்கள் அம்மா. மேலே பாறை தாழ்ந்திருக்கிறது."

குரு குனிந்தார்.

கொஞ்ச தூரத்தில் சாம்பல் நிறம் தெரிந்தது. பிறகு பனி, வானம். இருவரும் வெளியே வந்து நின்றார்கள். அவர் உள்ளங்கையில் இரத்தம் காய்ந்திருந்தது.

"அம்மா, நான் தப்பான பக்கம் திரும்பியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

"கூடவே வந்திருப்பேன்."

"வழி தெரிந்திருந்துமா?"

குரு விளக்குகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நானும் இன்றைக்குத்தானே இந்தக் குகையை முதன்முதலாகப் பார்க்கிறேன்."