நாலு என்று வந்த விடை

வெள்ள எச்சரிக்கைப் பிரிவில் வேலை பார்த்த திருவேங்கடத்துக்கு ஐம்பத்தைந்து வயது. அவருக்குப் பாடம் சொன்ன மெகருன்னிசாவுக்கு இருபத்தொன்பது.

செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்கு அவர் நோட்டோடு மெகருன்னிசாவின் மேசைக்கு எதிரே போய் உட்காருவார். அலுவலகத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. ஓய்வுபெற மூன்று வருடம் இருக்கும்போது பைத்தான் என்ற கணினி மொழியைப் படிக்கக் கிளம்பிய மனிதர் அதற்கெல்லாம் கூச்சப்பட்டால் முடியாது.

அந்த அலுவலகத்தில் பழைய லைப்ரரிக் கோப்பு ஒன்று இருந்தது. அணையில் இவ்வளவு தண்ணீர் திறந்தால், கீழே ரயில் பாலத்தடியில் மட்டம் எவ்வளவு ஏறும் என்று அது கணக்குப் போடும். சி மொழியில் எழுதி, எந்திரத்துக்கு மட்டும் புரிகிற மாதிரி மாற்றி வைத்த கோப்பு. எழுதியவர் காலமாகி எட்டு வருடம் ஆகிவிட்டது. அவர் எழுதிய மூல வரிகள் யாரிடமும் இல்லை. உள்ளே இருந்து கணக்குப் போடும் ஃபங்ஷன்களின் பெயர், அவை எதை வாங்கும், எதைத் தரும் என்று அச்சடித்த ஒரு தாள் மட்டும் இருந்தது.

அந்தக் கோப்பைப் பைத்தானிலிருந்து கூப்பிட வேண்டும். அதுதான் திருவேங்கடத்துக்குக் கொடுக்கப்பட்ட பாடம்.

"பேரைச் சொன்னா வந்துடும் சார்," என்றார் மெகருன்னிசா. "ஆனா அந்தப் பக்கத்துக்கு நம்மளப் பத்தி ஒண்ணும் தெரியாது. என்ன குடுக்கறோம், என்ன வாங்கிக்கறோம், ரெண்டையும் நாமதான் சொல்லணும்."

திருவேங்கடம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் அதைக் கூப்பிடும் ஸ்கிரிப்ட் தயாரானது. ஃபங்ஷனுக்குக் கொடுப்பது தசம எண் என்று ஒரு வரி எழுதியிருந்தார். அது திருப்பித் தருவதும் தசம எண்தான் என்று இன்னொரு வரி எழுதியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டார். ஒன்றும் சொல்லாவிட்டால் பைத்தான் தானாகவே முழு எண் என்று வைத்துக்கொள்ளும்.

மூன்று நாள் ஓட்டிப் பார்த்தார். இரண்டு, மூன்று, மூன்று என்று வந்தது. பாலத்தில் அந்த நாட்களில் இரண்டு புள்ளி ஒன்று, இரண்டு புள்ளி ஒன்பது, மூன்று புள்ளி இரண்டு. புள்ளிக்குப் பின்னால் ஏன் ஒன்றும் வரவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. முழுதாக்கிச் சொல்கிறது போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டார்.

மெகருன்னிசா தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பையைத் தோளில் மாட்டியபடியே கேட்டார்.

"ஓடுதா சார்?"

"ஓடுது மேடம்."

"சரி, அப்ப வேலைக்குப் போட்டுடுங்க."

நான்காம் நாள் மலையில் மழை பிடித்தது. காலை பதினொரு மணிக்கு அணையில் ஏழு மதகுகளைத் திறந்தார்கள். திருவேங்கடம் ஸ்கிரிப்டை ஓட்டினார். நாலு என்று வந்தது. அபாய அளவு ஐந்து. தாலுகா அலுவலகத்துக்குப் போன் செய்து, "நாலு மீட்டர்தான் வரும், பயமில்ல," என்று சொன்னார்.

ரயில் பாலத்துக்குக் கீழே கரையை ஒட்டி ஒரு செங்கல் சூளை இருந்தது. பத்தொன்பது குடும்பங்கள் அங்கேயே குடிசை போட்டுத் தங்கியிருந்தன. தாலுகா அலுவலகத்திலிருந்து அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நாலு மீட்டருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

பிற்பகல் மூன்று மணிக்குக் கொடிமலர் போன் செய்தார். பாலத்தூணில் வரைந்திருக்கும் அளவுக்கோட்டைப் பார்த்துச் சொல்லும் வேலை அவருடையது.

"சார், நாலே முக்கால் ஆயிடுச்சு. இன்னும் ஏறுது. கம்ப்யூட்டர்ல என்ன போட்டிருக்கு?"

"நாலும்மா."

"நாலைத் தாண்டி ஒரு மணி நேரம் ஆவுது சார்."

"இரு, பாத்துட்டுச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு ஸ்கிரிப்டை மீண்டும் ஓட்டினார். நாலு. மதகு எண்ணிக்கையைச் சரிபார்த்து ஓட்டினார். நாலு. தண்ணீர் திறந்த நேரத்தைச் சரிபார்த்து ஓட்டினார். மறுபடி மறுபடி ஓட்டினார். திரையில் அதே நாலு. முப்பது வருடம் அந்த நதியைப் பார்த்தவர் அவர். எதைச் சந்தேகப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கொடிமலர் கோட்டைத் தப்பாகப் பார்த்திருக்கலாம் என்றுகூட நினைத்தார்.

இருபது நிமிடம் போனது.

கொடிமலர் அதுவரை காத்திருக்கவில்லை. பாலத்திலிருந்து இறங்கிச் சூளைக்குப் போய், குடிசை குடிசையாகத் தட்டி எல்லோரையும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டார். நாலரை மணிக்குத் தண்ணீர் சூளைக்குள் நுழைந்தது. சுடுவதற்காக அடுக்கி வைத்திருந்த பச்சைக்கல் முழுவதும் சேறாகிப்போனது. சாக்கில் வைத்திருந்த அரிசி போனது. அவசரத்தில் வழுக்கி விழுந்த ஒரு பெரியவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

பாலத்தில் அன்று மட்டம் ஐந்து புள்ளி ஒன்பது வரை போனது.

மெகருன்னிசா இரண்டு நாள் கழித்து வந்தார். அன்று செவ்வாயோ வெள்ளியோ இல்லை. ஆனாலும் ஒன்பது மணிக்குத் திருவேங்கடம் எதிரே வந்து உட்கார்ந்தார். கையில் நோட்டு இல்லை. மடித்த ஒரு கடிதம் இருந்தது.

"நடந்தது முழுக்கக் கேட்டேன் சார்," என்றார் மெகருன்னிசா. "உங்க ஸ்கிரிப்டைப் பார்க்காமலே போடச் சொன்னது என் தப்பு. மேல எழுதிக் குடுத்துட்டேன்."

"அது இருக்கட்டும் மேடம். எனக்கு ஒண்ணுதான் தெரியணும்."

"சொல்லுங்க."

"தப்பு இருந்தா தப்புன்னு ஏன் அது சொல்லல?"

மெகருன்னிசா கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"அன்னிக்குக் குடுத்த அதே எண்ணுங்களைக் குடுங்க. ஓட்டுங்க."

ஓட்டினார். நாலு.

"இப்ப, அது தர்றது தசம எண்ணுன்னு ஒரு வரி போடுங்க. ஓட்டுங்க."

5.87 என்று வந்தது. திருவேங்கடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வரியை மாத்துங்க. அது தர்றது எழுத்துன்னு போடுங்க."

மாற்றினார். ஓட்டியதும் பைத்தான் அப்படியே செத்து விழுந்தது. விடையும் வரவில்லை, காரணமும் வரவில்லை.

"மூணு தடவை கேட்டோம்," என்றார் மெகருன்னிசா. "அது எத்தனை பதில் சொல்லுச்சு?"

"மூணு. ஒண்ணு நாலு. ஒண்ணு ஐந்து புள்ளி எட்டு ஏழு. ஒண்ணு இப்படி."

"இல்ல சார். மூணு தடவையும் ஒரே பதில்தான். ஐந்து புள்ளி எட்டு ஏழு."

திருவேங்கடம் நிமிர்ந்தார்.

"தசம எண்ணை வைக்கிறதுக்கு எந்திரத்துல ஒரு இடம் இருக்கு. முழு எண்ணுக்கு வேற இடம். அது மூணு தடவையும் தசம எண்ணுக்கான இடத்துலதான் விடையை வெச்சுது. நாம வாங்கப் போன இடம்தான் மாறிப் போச்சு. எழுத்துன்னு கேட்டப்ப பைத்தான் இல்லாத இடத்துக்கே போய் விழுந்துச்சு."

"அப்ப அந்த நாலு?"

"கோப்பைப் பிரிச்சு எந்திர வரிகளைப் பாத்தேன் சார். விடை சரியா வர்ற வரைக்கும் அது சுத்திச் சுத்திக் கணக்குப் போடும். எத்தனாவது சுத்துன்னு முழு எண் இடத்துல குறிச்சு வெச்சுக்கும். தண்ணி கம்மியா இருந்தா ரெண்டு சுத்து, மூணு சுத்து. அன்னிக்கு நாலு."

"சுத்துக் கணக்கையா நான் மீட்டர்னு சொன்னேன்?"

"ஆமா சார்."

பக்கத்து அறையில் யாரோ அணை மட்டத்தைப் போனில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அந்த நாலும் பொய்யில்ல," என்றார் திருவேங்கடம்.

"பொய்யில்ல. நீங்க கேட்டதும் அது இல்ல."

"அது நம்மளத் தடுத்திருக்கணும் மேடம். இவ்வளவு பெரிய கணக்கைப் போடத் தெரிஞ்சதுக்கு, எதிர்ல நிக்கறவன் தப்பா வாங்கிட்டுப் போறான்னு தெரியாதா?"

"எதிர்ல ஒருத்தர் நிக்கறதே அதுக்குத் தெரியாது சார்."

திருவேங்கடம் கடிதத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தார். இந்தப் பிரிவிலிருந்து தன்னை மாற்றிவிடும்படி எழுதியிருந்தார். மெகருன்னிசா முழுவதும் படித்தார். படித்துவிட்டு அவர் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"ஒரு வரியை விட்டதுக்கா இது?"

"ஒரு வரிதான். ஆனா அந்தப் பெரியவர் இனிமே நடப்பாரான்னு டாக்டருங்களுக்கே தெரியல."

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாமே."

"போனேன். யாருன்னு சொன்னேன். உட்காருங்கன்னார். வேற ஒண்ணும் சொல்லல."

மெகருன்னிசா தலையசைத்தார்.

"அந்த வரியை இப்ப எழுதிட்டேன் மேடம். இனிமே எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் எழுதுவேன். உசிர் போனாலும் மறக்க மாட்டேன். ஆனா இந்த வரி தெரியாத அன்னிக்கு, அந்த இருபது நிமிஷத்துல, நான் என்ன செஞ்சிருக்க முடியும்? திரையில நாலுன்னு நிக்குது. அதைத் தாண்டி எனக்கு என்ன வழி இருந்துச்சு?"

"அந்த இருபது நிமிஷத்துல ஸ்கிரிப்டை எத்தனை தடவை ஓட்டினீங்க?"

"ஏழு தடவை."

"கொடிமலர் அக்காவை எத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

"ஒரு தடவைகூட இல்ல மேடம்," என்றார் திருவேங்கடம்.